ஒரு பெட்டி, நாலு நாற்காலி

நான்கு பேருக்கும் சேர்த்து அண்ணாச்சி ஒரே கணினி வாங்கிய நாளிலிருந்து, மாலையில் அமலோற்பவத்தின் வீட்டுக்கு நான்கு பேர் போனார்கள்.

கணினி என்றால் பெட்டி ஒன்றுதான். அது அறையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து நாலு மூலைக்கும் வயர் போனது. ஒவ்வொரு வயரின் முடிவிலும் ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு பெண்.

கடலரசி கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி ராஜாமணி அண்ணாச்சிக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பத் திருப்தி.

"நாலு பேருக்கு நாலு அடுப்பு எதுக்கும்மா? ஒரே அடுப்புல பொங்கி நாலு பேரும் திங்கலாம்லா?" என்றார்.

பெட்டியைப் பொருத்த ஐசக் சார் வந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேலை பார்த்தார். கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிக்கொண்டார். நாலு இருக்கைக்கும் நாலு பெயர் பதிய வேண்டும் என்றார். அப்போது அமலோற்பவம் மட்டும்தான் வந்திருந்தாள். கோமதியும் ரெஜினாவும் உலகம்மாளும் இன்னும் பஸ்ஸில் இருந்தார்கள்.

"ஒங்க பேரு?"

"அமலோற்பவம்."

"மத்தவங்க பேரு, இனிஷியல் எல்லாம்?"

"இப்ப வந்துருவாவ சார். அவியகிட்டயே கேட்டுக்கிடுங்க."

"எனக்கு வல்லநாட்டுல ஒரு பெட்டி கெடக்கு மேடம். காத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவர் நாலு இருக்கைக்கும் அவள் பெயரையே போட்டார்.

"பெறவு மாத்திக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனார்.

முதலில் வந்தவள் உலகம்மாள். அவள்தான் அங்கே மூத்தவள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் மூலையில் உட்கார்ந்தாள். திரையில் 'வருக, அமலோற்பவம்' என்று வந்தது. உலகம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

ரெஜினாவும் சரி என்றாள். கோமதி தலைமுடியை அவிழ்த்து, அமலோற்பவம் முடிவது போலக் கொண்டை முடிந்துகொண்டாள்.

அன்று மாலை மூன்று பேரும் அவளுடைய பஸ்ஸில் ஏறினார்கள். கடைக்குப் போகிறார்கள் என்று அமலோற்பவம் நினைத்தாள். அவளுடைய நிறுத்தத்திலேயே இறங்கினார்கள். யாரையோ பார்க்க வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அவளுடைய தெருவில் திரும்பினார்கள். அதற்கு மேல் அவளுக்கு நினைக்க ஒன்றும் இல்லை.

அவள் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளை லேசாகத் தூக்கி உள்பக்கம் அழுத்தினால்தான் திறக்கும். தெரியாதவர்கள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். கோமதி தூக்கி, அழுத்தி, திறந்தாள்.

அமலோற்பவம் தாழ்ப்பாளையும் கோமதியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதவைத் திறந்தவன் அவள் கணவன் ஞானதுரை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவன்.

"வந்துட்டியா?" என்றான்.

ஒருமுறைதான் சொன்னான். பிறகு நான்கு பேரும் உள்ளே போகும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மகள் டெல்மா பள்ளிக்கூடச் சீருடையிலேயே ஓடி வந்தாள். புத்தகப் பையை ரெஜினாவிடம் கொடுத்தாள். சாப்பாட்டு டப்பாவை உலகம்மாளிடம் கொடுத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைக் கோமதியிடம் கொடுத்தாள். அமலோற்பவம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை. டெல்மா அவள் உள்ளங்கையில் தன் கன்னத்தை ஒரு நொடி வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

அந்த ஒரு நொடிக்காக அவள் அன்று எதையும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

வீட்டில் ஒவ்வொருத்தியும் தன் இடத்துக்குப் போய்விட்டாள். உலகம்மாள் அடுப்படிக்குப் போனாள். கோமதி டெல்மாவோடு வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்தாள். ரெஜினா டிவி முன்னால் ஞானதுரை பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்தாள். யாரும் யாருக்கும் குறுக்கே போகவில்லை. யாரும் யாரையும் 'தள்ளு' என்று சொல்லவில்லை. தன் வீட்டில் தனக்கு இத்தனை இடங்கள் இருந்தது அமலோற்பவத்துக்கு அதுவரை தெரியாது. அவற்றுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்ததால் அது ஒரே இடம் என்று நினைத்திருந்தாள்.

அவளுக்கென்று விட்டிருந்த இடம் பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு முக்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தால் மூன்று பேரையும் பார்க்கலாம்.

மறுநாள் மாலை அமலோற்பவம் கோமதியைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

"ஏ புள்ள, ஒங்க வீட்டுக்குப் போவலியா? ஒங்கம்மா தேட மாட்டாவளா?"

"எங்கம்மா செத்து ரொம்ப வருசமாச்சே. நீயும்தான அழுத?" என்றாள் கோமதி.

"செத்தது எங்கம்மா. ஒங்கம்மா நேத்துக்கூட ஆபீசுக்குப் போன் பண்ணுனாவ. நீ கோமதி."

"எந்தக் கோமதி?"

அவள் பொய் சொல்லவில்லை. முகத்தில் அது தெரிந்தது. பொய் சொன்னால் கோமதிக்குக் காது சிவக்கும். இப்போது சிவக்கவில்லை.

அமலோற்பவம் கணவனிடம் போனாள்.

"என்னங்க, இவியல்லாம் யாரு?"

"யாரு யாரு?"

"இந்தா, இந்த மூணு பேரும்."

ஞானதுரை அடுப்படியைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பக்கத்தில் பார்த்தான்.

"நீதான்" என்றான். பிறகு ரெஜினா பக்கம் திரும்பி, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா ஒனக்கு? காலைலேருந்து ஒரு மாதிரி பேசுத" என்றான்.

"வெயிலு. வேற ஒண்ணுமில்ல" என்றாள் ரெஜினா.

அமலோற்பவமும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அதற்கடுத்த நாள் மூன்று பேரும் சேர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அமலோற்பவம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை முந்தின இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தாள். பதில் உலகத்தில் யாருக்கும் தெரியாது. கணவனுக்குத் தெரியாது. பாவமன்னிப்பு கேட்கும்போது சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"டெல்மாவ ஆஸ்பத்திரில மொதல்மொதலா எங்கையில தந்தப்ப நா என்ன நெனச்சேன்? சொல்லுங்க பாப்போம்."

மூன்று பேரும் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"யாராச்சும் இத வாங்கிக்கிட்டா நா கொஞ்சம் தூங்குவேனேன்னு நெனச்ச" என்றார்கள்.

ஞானதுரை காதில் விழுந்ததா என்று அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குப் பெறவும் அதத்தான நெனச்சிக்கிட்டு இருக்க?" என்றாள் உலகம்மாள். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அமலோற்பவம் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சோறு வெந்தது. துணி மடிந்தது. டெல்மாவின் தலை பின்னப்பட்டது. தன் குரல் மூன்று இடங்களிலிருந்து கேட்டது. ஒரு இடத்தில் அதட்டியது, ஒரு இடத்தில் சிரித்தது, ஒரு இடத்தில் 'ம்' கொட்டியது. தான் இத்தனை 'ம்' கொட்டுகிறோமா என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

இன்னொரு திகைப்பும் இருந்தது. அதை அவள் உடனே கவனிக்கவில்லை. அவளுக்குள் ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். எத்தனையோ நாள் அலைந்தவளைப் போல இருந்தாள். அமலோற்பவம் அவளைப் பார்த்து வெட்கப்பட்டாள். எழுந்திரு, இது நம்ம வீடு, இது நம்ம பிள்ளை என்று சொன்னாள். அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு வீட்டில் எல்லாம் தாமதம் ஆகத் தொடங்கியது.

முதலில் குக்கர். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு விசில் வந்தது. அடுத்து குழாய். திறந்தால் தண்ணீர் பாதி தூரம் இறங்கி, யோசித்து, பிறகு விழுந்தது. ஞானதுரை கொட்டாவி விட வாயைத் திறந்தால் மூடுவதற்குள் செய்தி முடிந்து சீரியல் தொடங்கிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பெட்டியில் நாலு பேர் வேலை பார்த்தால் கொஞ்சம் தாமதம் ஆகத்தான் செய்யும். அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தது.

அமலோற்பவத்தால் அப்படி இருக்க முடியவில்லை. ஏனென்றால் டெல்மாவும் தாமதமானாள்.

'எம்மா' என்று கூப்பிட்டால் 'எம்' இட்லிக்கு முன்னால் வந்தது. 'மா' அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, வெறும் நடைவழியில் கேட்டது. அமலோற்பவம் அந்த 'மா'வுக்காக வேலைக்குப் போகாமல் காத்திருந்து கேட்டாள். மற்ற மூன்று பேரும் அவளோடு நின்று கேட்டார்கள்.

ஒருநாள் காலையில் டெல்மா வாசலில் நின்றுவிட்டாள்.

வாசல் படியில் ஒரு கால் இருந்தது. இன்னொரு கால் அடுத்த படிக்கு மேல், காற்றில் இருந்தது. முதுகில் பை. பின்னலின் நுனியில் இருந்த ரிப்பன் மேலே எழும்பி அப்படியே நின்றது. வாய் சிரிக்கத் தொடங்கியிருந்தது. முடிக்கவில்லை.

அமலோற்பவம் அவள் மூக்கின் கீழே விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. அலறுவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது மூச்சு வந்தது. வெதுவெதுப்பாக, மெதுவாக, பால் பொங்குகிற நேரத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

தெருவில் பள்ளிக்கூட ஆட்டோ நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"பிள்ள வர நேரமாவுமாக்கா?"

"ஆவும்ணே" என்றாள் ரெஜினா.

"பள்ளிக்கூடத்துல என்ன சொல்லட்டும்?"

"வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லுங்க."

ஆட்டோக்காரர் டெல்மாவின் காற்றில் நின்ற காலைப் பார்த்தார். அது உண்மைதான் என்று ஒத்துக்கொள்வது போலத் தலையாட்டினார். இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

நான்கு பேரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"பெட்டி தாங்கல" என்றாள் உலகம்மாள். "யாராச்சும் ஒருத்தி எந்திச்சுப் போயிட்டா போதும். பிள்ள கால ஊனிரும்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் போகிறேன் என்று யாராவது சொல்ல வேண்டும். பிள்ளையைப் பெற்றவள் சொல்ல வேண்டும். அமலோற்பவம் தன் நாக்கு அதைச் சொல்லும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். நாக்கு வாய்க்குள் கிடந்தது. நான் ஏன் போக வேண்டும், நான்தானே அமலோற்பவம் என்று அவளுக்குள் ஒரு குரல் சொன்னது. கண்ணெதிரே பிள்ளை ஒற்றைக் காலில் நிற்க, அந்தக் குரல் இவ்வளவு நிதானமாகப் பேசியது அவளை உலுக்கியது.

அவள் மற்ற மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். மூன்று முகத்திலும் அதே நிதானம் இருந்தது. இவர்கள் நானேதான் என்று அப்போது முதல்முறையாக நம்பினாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞானதுரையும் தோளில் துண்டோடு நடைவழியில் உறைந்து நின்றான். அவனைத் திருப்பி, பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு நான்கு பேரும் கிளம்பினார்கள்.

அலுவலகத்தில் பெட்டி கொதித்தது. அண்ணாச்சி அதன் மேல் ஐஸ் பாக்கெட்டை வைத்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு வியர்த்தது. அதைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

"என்னம்மா பண்ணுதிய நாலு பேரும்? ஒரு பிரிண்ட் குடுத்தா போன வாரத்துக் கடுதாசி வருது!"

மற்ற மூன்று பேரும் தங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அமலோற்பவத்தின் நாற்காலி சில நாட்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இன்று அது கண்ணுக்கே தெரியவில்லை. அவள் தன் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அறை நீண்டுகொண்டே போனது. வழியில் யாரோ காயப்போட்ட துணிகள் தொங்கின. ஒரு இடத்தில் இரண்டு பேர் கேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "பாத்துப் போங்க, வயரு தட்டும்" என்றார்கள். அவள் நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

அங்கிருந்தும் ஐசக் சாரின் குரல் பக்கத்தில் பேசுவது போலக் கேட்டது. அவர் வந்துவிட்டிருந்தார். ஹெல்மெட்டோடுதான் வந்திருந்தார்.

"மூணு தாங்கும். நாலு தாங்காது" என்றார். "ஒரு ஆள எடுத்துருவோம்."

"யார எடுக்க?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நான் சொல்லக் கூடாதுல்லா. பெட்டியே சொல்லும். வேலைக்குச் சேந்தப்ப மேடம் ஒரு கேள்விக்குப் பதில் குடுத்திருக்காங்க. அது உள்ள இருக்கு. இப்ப நாலு பேரும் அதே கேள்விக்குப் பதில் அடிக்கணும். தப்பா அடிக்கிற ஆள் வெளிய."

அமலோற்பவத்துக்கு அப்படியொரு நிம்மதி வந்தது. கையெல்லாம் லேசாகிவிட்டது. கடைசியில் யாரோ கேட்கிறார்கள். வெங்காயம் உரிக்கிறவர்களிடம் கேட்பது போல இல்லை. முறையாகக் கேட்கிறார்கள். அவளைப் பற்றி அவளிடம் கேட்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் டெல்மாவின் கால் தரையில் ஊன்றும். தான் போய்ப் பையைச் சரிசெய்து ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

திரையில் கேள்வி வந்தது.

'உங்களுக்கு மிகவும் பிடித்த பலகாரம் எது?'

தூரத்தில் மூன்று கீபோர்டுகளும் சடசடவென்று சத்தம் போட்டு நின்றன.

அவள் அடிக்கவில்லை. அடிப்பதற்கு ஒன்றும் வரவில்லை. பிடித்த பலகாரம். டெல்மாவுக்கு மக்ரூன் பிடிக்கும். பேக்கரியில் வாங்கிய அன்றே தீர்த்துவிடுவாள். ஞானதுரைக்கு மஸ்கோத் அல்வா. வெட்டித் துண்டு போட்டு, டப்பாவில் வைத்து, மேல் தட்டில் வைக்க வேண்டும். செத்துப்போன அம்மாவுக்கு அச்சு முறுக்கு. இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தனக்கு? அவள் தன்னைப் பார்த்துக் கேட்டாள். உள்ளே யாரும் உடனே பதில் சொல்லவில்லை. கதவைத் தட்டிவிட்டு வாசலில் காத்து நிற்பது போல இருந்தது.

பிறகு பதில் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுடும்போது கடைசிச் சட்டி எப்போதும் சிவந்துபோகும். மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். பாவம், கருகினதெல்லாம் அவளே திங்கிறாள் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லுவாள். அமலோற்பவமும் பாவம் போல முகத்தை வைத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் கடைசிச் சட்டியில் அவள் வேண்டுமென்றேதான் தீயைக் கூட்டினாள். வருஷா வருஷம் கூட்டினாள். கரியும் கசப்பும் எள்ளும் சேர்ந்து பல்லில் நொறுங்கும்போது அவளுக்குக் கண் சொருகும். இது யாருக்கும் தெரியாது. இப்போது யோசிக்கும் வரை அவளுக்கே இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

'கருகின முறுக்கு.'

திரை கொஞ்ச நேரம் யோசித்தது.

'தவறு' என்றது.

அவள் அதைத் திரும்பப் படித்தாள். சின்னச் சொல். படிப்பதற்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அது உள்ளே போகவில்லை. எழுந்து, வயரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். இந்த முறை அறை சின்னதாக இருந்தது. இரண்டு எட்டில் பெட்டிக்கு வந்துவிட்டாள்.

"சார், தப்புன்னு வருது."

"ஆமா மேடம். தப்புதான்."

"அது எப்படி சார் தப்பாவும்? எனக்குப் பிடிச்சது எனக்குத்தான தெரியும்?"

"உள்ள வேற இருக்கு மேடம்." ஐசக் சார் கண்ணாடியை மேலே தள்ளித் திரையைப் பார்த்தார். "மஸ்கோத் அல்வா. மத்த மூணு பேரும் கரெக்டா அடிச்சிருக்காங்க."

"மஸ்கோத்தா? நா அத எழுதவே இல்லியே!"

அண்ணாச்சி விசிறுவதை நிறுத்தினார்.

"நீ எழுதலம்மா. நாந்தான் எழுதுனேன்" என்றார். "வேலைக்குச் சேர வந்த அன்னைக்கு நீ கைப்பிள்ளையோட வந்தியா, மாப்பிள்ளையும் கூட வந்தாரா? பிடிச்ச பலகாரம் என்னன்னு கேட்டேன். மாப்பிள்ள மஸ்கோத்துன்னாரு. சரியாம்மான்னு ஒன்னையப் பாத்துக் கேட்டேன். நீ தலைய ஆட்டுன."

"அண்ணாச்சி, பிள்ள அழுதுச்சு. நா அதத் தோள்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தேன். தலை அதோட சேந்து ஆடிருக்கும்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தலை ஆடுச்சு. எழுதிட்டேன்."

அவள் ஐசக் சார் பக்கம் திரும்பினாள். "இப்ப மாத்துங்க சார். பெறவு மாத்திக்கிடலாம்னு நீங்கதான சொன்னிய?"

"மாத்தலாம். ஆனா உள்ள இருக்கிற ஆள்தான் மாத்த முடியும். நீங்க வெளிய இருக்கீங்களே மேடம்."

கோமதி தன் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

"ஒங்களுக்கு மஸ்கோத் பிடிக்காதாக்கா?" என்று கேட்டாள். 'அக்கா' என்று அவள் கூப்பிட்டு நாளாகியிருந்தது.

"பிடிக்காது" என்றாள் அமலோற்பவம். அந்த வார்த்தையை அவள் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்முறை. "பிசுபிசுன்னு இருக்கும். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"அப்ப நீங்க வேற யாரோ. எனக்கு மஸ்கோத்னா உசுரு" என்றாள் கோமதி.

"எனக்கும்" என்றாள் ரெஜினா.

உலகம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கும்தான்" என்றாள்.

ஐசக் சார் குனிந்து ஒரு வயரைப் பிடுங்கினார். பட்டாணி உடைவது போலச் சின்னச் சத்தம் கேட்டது. பெட்டியின் சூடு தணிந்தது. பிரிண்டர் இந்த வாரத்துக் கடிதத்தைத் துப்பியது. மேலே மின்விசிறி வேகம் பிடித்தது. அண்ணாச்சி, "அப்பாடா" என்றார்.

அமலோற்பவம் வெளியே வந்து ஓடினாள்.

பஸ் உடனே வந்தது. சிக்னல் எல்லாம் பச்சையாக இருந்தது. ஊர் முழுக்க யாரோ எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. வெயில் அதன் இடத்தில் இருந்தது. காக்கை கத்தியதும் சத்தம் கேட்டது. அவளால்தான் இத்தனையும் தாமதமாகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு இப்போது கண்ணுக்கு நேரே தெரிந்தது. தெரிந்தும் அவள் கால் நிற்கவில்லை. வயர் போனால் போகட்டும். பெட்டிக்கு ஆயிரம் தெரியும், பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டே தெருவில் திரும்பினாள்.

அவள் கேட்டுக்கு வந்தபோது டெல்மாவின் கால் படியில் இறங்கியது.

ரிப்பன் விழுந்தது. சிரிப்பு முடிந்தது. பிள்ளை அடுத்த படிக்குத் தாவி, அதற்கடுத்த படிக்குத் தாவி, பை குதிக்க ஓடி வந்தாள். ஆட்டோக்காரர் இஞ்சினைப் போட்டார். அமலோற்பவம் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். இப்போது அது பாதி பாதியாக வராது. முழுசாக வரும்.

டெல்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல பிள்ளையாக, பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மரியாதையோடு கேட்டாள்.

"யாரப் பாக்கணும் ஆன்ட்டி?"

கம்பி அமலோற்பவத்தின் கையில் குளிர்ந்தது. பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைக்க முயன்றாள். டெல்மா விளையாடினால் மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை.

"அமலோற்பவம்..." என்றாள். அது பெயரா, கேள்வியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அம்மாவா? இருக்காவ." டெல்மா உள்ளே திரும்பிக் கத்தினாள். "எம்மா! ஒன்னையப் பாக்க ஒரு ஆன்ட்டி வந்திருக்காவ!"

அலுவலகத்தில் விட்டுவந்த மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. நடையிலிருந்து ஒன்று வந்தது. டிவி பக்கமிருந்து ஒன்று வந்தது. மூன்றும் அவள் குரல்தான்.

"யாருன்னு கேளு!"

"யாருன்னு சொல்லட்டும் ஆன்ட்டி?"

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டெல்மா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மறுபடியும் உள்ளே கத்தினாள்.

"பேரு சொல்ல மாட்டேங்காவம்மா!"

"வெயில்ல நிக்க வைக்காத புள்ள. உள்ள உக்காரச் சொல்லு. வாறேன்."

டெல்மா கேட்டைத் திறந்துவிட்டாள். "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். அவளைத் தாண்டி ஓடி ஆட்டோவில் ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஆட்டோ திரும்பித் தெருமுனையில் மறைந்தது. அது மறைந்த பிறகும் அமலோற்பவம் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உள்ளே போனாள். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

முன்னறையில், ஜன்னலை ஒட்டி, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்று உண்டு. பிரம்பு நாற்காலி. அவள்தான் அதைத் துடைப்பாள், அதன் மெத்தைக்கு உறை மாற்றுவாள். அதில் உட்கார்ந்ததில்லை. இப்போது உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்து நேராக அவள் கழுத்தில் பட்டது. இந்த வீட்டில் இப்படி ஒரு காற்று வரும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. முதுகு தானாகச் சாய்ந்தது. முதுகு சாய்ந்துவிட்டதே என்று அவள் நடுங்கினாள்.

ஞானதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தான். அவளைக் கண்டதும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"வாங்க" என்றான். "ஏ அமலி, வந்தவியளுக்குக் குடிக்க ஏதாச்சும் குடு."

அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. விருந்தாளிகளிடம் பேசும்போது மட்டும் வருகிற இனிப்பு அதில் இருந்தது.

"டீ குடிப்பியளா, காப்பி குடிப்பியளா? சீனி தூக்கலா போடவா, கொறைக்கவா?"

அமலோற்பவம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. உடனே அணைக்கும் சத்தமும் கேட்டது. ஞானதுரை பதிலுக்காக மரியாதையோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி அவன் பார்த்து அவளுக்கு நினைவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்லுதேன்."